பட்டாமணியார் வீட்டுக் குட்டி

என் மகள் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்திருக்கிறாள். பழுப்பு நிறம், தொங்கு காது, எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்கு. தஞ்சாவூரில் நாங்கள் இருக்கும் மாடி வீட்டுக்கு அதற்கென்று மெத்தை, கிண்ணம், ரப்பர் எலும்பு எல்லாம் வந்து இறங்கிவிட்டன. வந்த அன்றே கூடத்தில் மூன்று இடத்தில் மூத்திரம் பெய்தது. நான் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்துகொண்டேன். காபித் தம்ளரில்கூட அந்த வாடை அடிப்பதாகத் தோன்றியது.

"நான் ஆபீஸ் போனப்பறம் அது தப்பு பண்ணா, பேப்பரச் சுருட்டி லேசா ஒரு தட்டு தட்டுங்கம்மா. அப்பதான் பழகும்" என்றாள் மகள்.

"நான் தட்டமாட்டேன்."

"ஏன், அருவருப்பா இருக்கா?"

"ஆமாம்" என்றேன்.

நாய் மூத்திரத்தைச் சொல்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. வாழ்நாளெல்லாம் டீச்சர் வேலை பார்த்தவளுக்கு ஒரு நாய்க்குட்டியை வளர்க்கத் தெரியவில்லை என்று அவள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு வளர்க்கத் தெரியும். ஒன்றே ஒன்று வளர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் எங்கள் தெரு. நடுவில் ஒரு மதகு. எங்கள் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலங்களில் சேற்றில் இறங்கியவர்கள். அந்த நிலத்தில் பாதி பட்டாமணியாருடையது. கிராம முன்சீப்பை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வரி வசூல் அவர் கையில், பிறப்பும் சாவும் அவர் பதிவேட்டில். அப்பனுக்குப் பின் மகன் என்று அந்தப் பதவி அவர்கள் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சென்னையில் ஆட்சி மாறி, மேடைக்கு மேடை சமத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அரசாங்கம் என்றால் அப்போதும் பட்டாமணியார்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த பங்குனி மாதம் அது. எங்கள் தெருவில் அந்தப் பரீட்சை வரை போன முதல் பெண் நான். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். அதில் பட்டாமணியார் "விசாரித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நன்னிலம் தாலுகா ஆபீசில் தாளையே கையில் வாங்குவார்கள். விடுதியில் சோறும் படிப்புக்கு உதவித்தொகையும் அந்த ஒரு கையெழுத்தில் இருந்தன. அது கிடைக்காவிட்டால் ஆடி மாதம் நானும் அம்மாவோடு நடவுக்கு இறங்கவேண்டியதுதான்.

அப்பாவும் நானும் அவர் வீட்டுக் கொல்லைப்பக்கமாகப் போய் நின்றோம். வாசல்பக்கம் எங்களுக்கு வழி கிடையாது. அவர் ஈசிச்சேரில் சாய்ந்தபடி தாளை வாங்கிப் படித்தார். பிறகு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தொழுவத்தைக் காட்டினார். அங்கே ஒரு கூடைக்குள் வெள்ளையாக ஒரு நாய்க்குட்டி கிடந்து கத்திக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து வரவழைத்த ஜாதி நாயாம். கண் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வாலுக்குக் கீழே மஞ்சளாக அப்பியிருந்தது.

"வீட்டுல பொம்பளைங்க கிட்ட வரமாட்டேங்கறாளுங்க. மணிக்கு நாலு தரம் பேளுது. யாரு அள்ளுறது? ஒங்க தெருவுல மூணு மாசம் வச்சு வளத்துக் குடு. அசிங்கமெல்லாம் அங்கயே போவட்டும். நல்லா ரோஷமாப் பழக்கிக் கொண்டாந்து விட்டீன்னா ஒம் பொண்ணுக்குக் கையெழுத்து" என்றார் பட்டாமணியார்.

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

அவர் "ஐயா" என்று சொல்லப் பழகியே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் "ஆண்டே" என்பார், அடிமை எஜமானைக் கூப்பிடும் சொல். கூலி ஆட்களின் சங்கத்துக்காரர்கள் வந்து, இனிமேல் யாரையும் ஆண்டே என்று சொல்லாதீர்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தால்தான் பட்டாமணியாருக்கு நாயும் தேவைப்பட்டது. போன தை அறுவடையில் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் களத்தில் இறங்காமல் நின்றார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் வாசல் வரைக்கும் போனார்கள். மறுபடி வந்தால் கடித்துக் குதறுவதற்கு ஒரு நாய் வேண்டும். அந்த நாயின் பீயை அள்ளுவதற்கு, அது யாரைக் கடிக்கவேண்டுமோ அவர்களே வேண்டும். இதில் உள்ள கோணல் அவருக்குத் தெரியவே இல்லை. அசிங்கம் என்றால் எங்கள் தெருவுக்கு என்று அவருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தவர் அப்பா. வளர்த்தவள் நான். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதானே. அதற்கு அவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பெயரைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

தினமும் காலையில் பட்டாமணியாரின் காரியக்காரர், அதாவது அவருடைய நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டவர், மதகுவரை வந்து நிற்பார். நான் இந்தப் பக்கம் சட்டியை வைத்துவிட்டு விலகவேண்டும். தன் செம்பு என் சட்டியில் பட்டுவிடாமல் முழ உயரத்திலிருந்து பாலை ஊற்றுவார். "நாய்க்குன்னு குடுக்கறது. நீங்க யாரும் நாக்க நீட்டாதீங்க" என்று தினமும் சொல்வார். ஒரு நாளாவது மறப்பார் என்று பார்த்தேன். மறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பால் என்பது காய்ச்சல்காரர்களுக்கு வாங்குகிற பொருள். அந்தப் பாலைக் குட்டி நக்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கருப்புத் தேத்தண்ணி குடித்தேன். எனக்கு அதன்மேல் பொறாமை என்றுகூடச் சொல்லமாட்டேன். அந்த நாக்கின் சத்தமே எனக்கு ஆகாது.

குடித்த பால் அரை மணியில் தண்ணீராக வெளியே வரும். அந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது, புளித்த மோரில் எலி செத்துக் கிடந்த மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம். சாம்பலைத் தூவி ஓலைக்கிழிசலால் வழித்து, குழி வெட்டிப் புதைத்து, வாய்க்காலில் கை கழுவி வந்து உட்கார்ந்தால் அடுத்தது தயாராக இருக்கும். ஒரு நாள் வாந்தி எடுத்தது. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. அதற்குப் பிறகு பல வருடம் நான் சேமியா பாயசம் தொட்டதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாயசம் வரும்போது இலையை மடித்துவிடுவேன்.

அம்மாதான் குப்பைமேனி இலையை இடித்துச் சாறு பிழிந்து புகட்டினாள். "மாட்டுப்பாலு இதுக்கு ஒத்துக்கலடி. நம்ம கஞ்சியக் குடு" என்றாள். மறுநாளிலிருந்து பட்டாமணியார் வீட்டுப் பால் எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்குப் போனது. குட்டி எங்கள் கஞ்சியைக் குடித்தது. கழிச்சல் இரண்டே நாளில் நின்று, வயிறு உருண்டது. மதகுக்கு எதிர்ப்புறம் நின்றபடி காரியக்காரர் அதைப் பார்த்து, "பாலு நல்லாப் புடிச்சிருக்கு" என்று தலையாட்டினார். மூன்று மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மற்றபடி அது எங்கே போனாலும் எனக்கு வேலை வைத்தது. காது மடிப்பில் உண்ணி மொய்த்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட்டேன். ரத்தம் குடித்து உப்பியவை விரலில் நசுங்கும். அந்த விரலால் பிறகு சோற்றைப் பிசையவேண்டும். தின்றதும் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் விடுவதை விடாமல் செய்ததால் வெளியே போகப் பழகிக்கொண்டது. அடிக்காமல் நான் அதற்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

சித்திரைக் கடைசியில் காரியக்காரர் மதகில் நின்று குட்டியைப் பார்த்தார். தெருக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போக, அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடியது. காரியக்காரரின் முகம் சுருங்கியது.

"என்ன புள்ள, கண்டவனையெல்லாம் கொஞ்சுது? இப்புடிக் கொண்டாந்து விட்டா ஐயா கையெழுத்துப் போடுவாரா?"

"என்ன செய்யணுங்க?"

"ஒங்கப்பன் சேத்து வேலைக்குக் கட்டுற துண்டு இருக்குல்ல? அத எடுத்துத் தெனம் நாலு விளாசு. எந்தத் துணியால அடி வாங்குதோ அந்த வாடைய நாயி மறக்காது. அந்த வாடை எவன்கிட்ட அடிச்சாலும் பாஞ்சு கடிக்கும்."

என்ன கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. அப்பாவின் துண்டில் இருந்தது அப்பாவின் வாடை மட்டுமில்லை. சேறு, வேர்வை, வெற்றிலை, வைக்கோல் என்று அது எங்கள் தெரு மொத்தத்தின் வாடை. என் கையாலேயே என் ஆட்களைக் கடிக்க ஒரு நாயைத் தயார் பண்ணச் சொல்கிறார். தூ என்று அவர் காலடியில் துப்பியிருக்கவேண்டும். நான் துப்பவில்லை. "சரிங்க" என்றேன். காரியக்காரர்மேல் வந்த குமட்டலைவிட அந்த "சரிங்க"மேல் எனக்கு இன்றைக்கும் குமட்டல் அதிகம்.

மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்புமுன் துண்டை எடுத்துப்போய்க் குடிசைக்குப் பின்னால் வைத்து அடித்தேன். முதலில் விளையாட்டு என்று நினைத்துத் துண்டின் நுனியைக் கவ்வி இழுத்தது. ஓங்கி அடித்த பிறகுதான் புரிந்துகொண்டு கத்தியது. தினம் நாலு. சில நாள் ஐந்தாறு. ஒரு நாள் அப்பா துண்டைத் தேடிக்கொண்டு பாதியில் வந்துவிட்டார். நான் துண்டும் கையுமாக நின்றேன். அவர் துண்டை என் கையிலிருந்து வாங்கி உதறித் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நாள் காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு பார்த்தால், துண்டு குடிசைக் காலில் மாட்டிக் கிடந்தது. எனக்காகத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்து அடித்தேன்.

சாயந்தரம் வேலை விட்டு வந்ததும் அப்பா அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். குட்டி மடியில் ஏறிவிடும். தன் கஞ்சியில் ஒரு கை அள்ளி அதற்கு ஊட்டுவார். துண்டை முகர்ந்துகொண்டே அது தூங்கிப்போகும். என் வளையல் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கும். பயிற்சி பலிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது. விண்ணப்பம் போய்ச்சேர நாலு நாள்தான் பாக்கி. குட்டியைக் கயிற்றில் கட்டிப் பட்டாமணியார் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். அதன் மயிர் பூனை மயிர் மாதிரி பளபளவென்று வளர்ந்திருந்தது. ஈசிச்சேரின் கைப்பிடியில் என் தாளும் பேனாவும் இருந்தன. அவர் கையெழுத்துப் போடவில்லை.

"மொதல்ல பாப்பம். நாத்தங்கால்லேருந்து எவனையாவது வரச்சொல்லு. கால் கழுவாம அப்புடியே வரணும்" என்றார் காரியக்காரரிடம்.

காரியக்காரர் அழைத்து வந்தது என் அப்பாவை. முழங்கால் வரைக்கும் சேறு. தலையில் அந்தத் துண்டு. கொல்லைப்படலைத் தாண்டி வந்து நின்று என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"அவுத்து வுடு" என்றார் பட்டாமணியார். நான் கயிற்றை விட்டேன்.

குட்டி நேராக அப்பாவிடம் ஓடியது. கடிக்கத்தான் ஓடுகிறது என்று ஒரு நிமிஷம் நம்பினேன், நம்பி சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. அது அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. இடுப்பே ஒடிந்துவிடும்போல் வாலை ஆட்டியது. சேற்றை நக்கியது. பிறகு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

பட்டாமணியார் பேனாவை மூடினார். "நல்லா வளத்தீங்கடா. கொடி புடிக்கத்தான் லாயக்கு. தாள எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு."

அப்பா அசையாமல் நின்றார். குட்டி எழுந்து அவர் பாதத்தின்மேல் முன்னங்காலை வைத்தது. அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் குதிகால் குட்டியின் முன்னங்கால்மேல் இறங்கியது. தெரியாமல் மிதித்தவர் உடனே எடுத்துவிடுவார். அவர் எடுக்கவில்லை. உடம்பு பாரம் மொத்தத்தையும் அதன்மேல் இறக்கினார். அந்தக் கத்தலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அவர் ஆடுசதையில் அது பல்லைப் பதித்துத் தொங்கிய பிறகுதான் அவர் குதிகாலைத் தூக்கினார். சேற்றின்மேல் ரத்தம் கோடுபோட்டு இறங்கியது.

இது நடந்தபோது பட்டாமணியார் தாளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கண்ணில் பட்டது கடி மட்டும்தான். சிரித்தார். "பரவால்லயே, ரோஷம் உள்ள குட்டிதான்" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தரையில் போட்டார். குனிந்து எடுத்தேன், மை காயாமல் இருந்ததால் ஊதிக்கூட விட்டேன்.

"மஞ்சள வச்சுக் கட்டுடா" என்றார் அப்பாவிடம்.

"சரிங்க ஆண்டே" என்றார் அப்பா.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் புண்ணைக் கழுவிவிட்டுச் சொன்னார்: "வளக்கிற நாய்தான? பத்து நாள் அத கவனிங்க. நல்லா தின்னு, குடிச்சு இருந்தா பயமில்ல. சோறு தண்ணி தொடாம மூலையில பதுங்குனா ஒடனே ஓடியாங்க. தொப்புளச் சுத்தி ஊசி போடணும்."

தாலுகா ஆபீசில் தாளைக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து தினமும் பட்டாமணியார் வீட்டுக் கொல்லைப்படலுக்குப் போனேன். மூன்று மாதமாக எந்த நாயைப் பார்த்தாலே குமட்டியதோ, அது நன்றாக இருக்கவேண்டும் என்று வழியில் இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போனேன். அது முன்னங்காலை மடக்கிக்கொண்டு நொண்டியது. படலுக்குக் கீழே கஞ்சிச் சட்டியைத் தள்ளினேன். கிட்ட வரவில்லை. தண்ணீர் வைத்தேன். தொடவில்லை. என்னைப் பார்த்ததும் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் பதுங்கி, பல்லைக் காட்டி உறுமியது. வாயோரம் எச்சில் ஒழுகியது. இரண்டாம் நாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே.

வெறிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு கையெழுத்துக்காக அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று படலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் சத்தம் கேட்டு வந்தாள்.

"எதுக்குடி அழுவுற?"

"மூணு நாளா சோறு தண்ணி தொடமாட்டேங்குதுங்க. பதுங்குதுங்க."

"இதுக்கா? இப்பத்தான் ஒரு சட்டி சோத்த வழிச்சு நக்குச்சு. அண்டாத் தண்ணியில வாய வச்சுட்டு அடி வாங்குச்சு. அதுக்கு ஒண்ணுமில்லடி. ஒன்னக் கண்டாத்தான் அப்புடிப் போவுது."

அப்பா பிழைத்துக்கொண்டார் என்ற நிம்மதியில் அந்தக் கடைசி வார்த்தையை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பயிற்சியில் சேர்ந்தேன். அடுத்த தையில் மறுபடி கூலித் தகராறு வந்து, எங்கள் ஆட்கள் கொடியோடு பட்டாமணியார் வாசலுக்குப் போனார்கள். நாயை அவிழ்த்துவிட்டார்களாம். அது கூட்டத்துக்குள் புகுந்து அப்பாவைத் தேடிப் பிடித்து, அவர் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு தெரு வரைக்கும் வந்துவிட்டதாம். காரியக்காரர் மதகில் நின்று இங்கிலீஷ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். எங்கள் தெருவுக்குள் வந்து பிடித்துப் போக அவருக்குக் கால் கூசியது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாய் அதன்பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எனக்கு வேலை கிடைத்த பிறகும் இருந்தது. பரம்பரைப் பட்டாமணியார் பதவியையே அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் கிழமாகி இருந்தது. அந்தச் சேதியைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து அதன் கோணிப்போன முன்னங்காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு துண்டு. அவர் ஆடுசதையில் நாலு பல்லின் தழும்பு.

என்னைக் கண்டதும் நாய் எழுந்தது. காலை உதறி அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட நொண்டிப் போய் எதிர்வீட்டுச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்தது. தெருவில் யார் கூப்பிட்டாலும் போகிற நாய் அது.

நான் சேதியைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் அது கால ஒடச்சேன். அது எம்மேலயே ஏறிப் படுக்குது. ஒன்னப் பாத்தா மட்டும்…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்னை அவர் எப்போதும் ஆயி என்றுதான் கூப்பிடுவார். கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ வெளியூருல இருக்கல்ல ஆயி. அடையாளம் மறந்துருச்சு."

"ஆமாம்ப்பா, மறந்திருக்கும்" என்றேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மதகைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அது திரும்ப வந்து, அப்பாவின் மடியில் காலை நீட்டிப் படுத்துவிட்டிருந்தது.